சேற்றுப் புழுவுக்கு எந்தப் பெயர்? வாசகர் கேள்வி – பதில்

பழவேற்காடு ஏரியிலும் வட தமிழகக் கடற்கரையின் கழிமுகங்களிலும் சேற்றைத் தோண்டினால் வருகிற செம்பழுப்புப் புழு, இறால் பொரிப்பகங்களில் தாய் இறாலுக்குத் தீனி, தூண்டில்காரர்களுக்கு இரை. பாலிகீட் எனப்படும் கடல் முட்புழுக்களில் யூனிசிடே குடும்பம், மார்ஃபைசா பேரினம். இதை அடையாளம் காண்பது பற்றியும் இருக்குமிடத்தைப் பதிவுசெய்வது பற்றியும் வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். சில சொற்களை முதலில் சொல்லிவிடுகிறோம். புழுவின் உடல் வளையம் ஒவ்வொன்றும் ஒரு கண்டம். அதன் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் சதைக்கால் பாராபோடியா. அதில் செருகியிருக்கும் முள்மயிர் சீட்டா. சீட்டா உள்ள கண்டத்தை முட்கண்டம் என்று எழுதியிருக்கிறோம்.

கே: பழவேற்காட்டில் எடுத்த புழுக்களை ஃபாவெல், டே இருவரின் நூல்களிலுள்ள திறவுகோல்களை (பண்புகளைப் படிப்படியாகக் கேட்டுப் பெயருக்குக் கொண்டுபோகும் பட்டியல்கள்) வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் ‘மார்ஃபைசா சாங்குவினியா’ என்றே வந்தது. ஆய்விதழ் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டது. தவறு என்மேலா, திறவுகோல் மேலா?
— முதுகலை மாணவி, சிதம்பரம்

நீங்கள் திறவுகோலைச் சரியாகவே பயன்படுத்தியிருக்கலாம். ஆனால் திறவுகோலில் இல்லாத இனத்தை அது எப்படிக் காட்டும்? உள்ளே இருப்பவற்றில் மிக நெருக்கமான ஒன்றில் கொண்டுபோய் விட்டுவிடும். ஃபாவெலின் இந்திய பாலிகீட் நூல் வந்தது 1953-ல். டேயின் நூல் 1967-ல் வந்தது, அதுவும் தென்னாப்பிரிக்கப் புழுக்களைப் பற்றியது. ஒரே இனம் உலகின் எல்லாக் கடல்களிலும் இருக்கும் என்று நம்பிய காலம் அது. பேரினம் வரை வர இரண்டும் இன்றைக்கும் நல்ல துணை. இனப் பெயருக்கு அங்கேயே நின்றுவிடக் கூடாது.

சாங்குவினியா 1813-ல் மான்டேகு இங்கிலாந்தின் தென்மேற்குக் கரைப் புழுவுக்கு வைத்த பெயர். பெயருக்கு ஆதாரமான முதல் புழு, அதாவது மூல மாதிரி, இல்லாமற் போனதால், எது உண்மையான சாங்குவினியா என்பதே தெளிவில்லாமல் கிடந்தது. 2003-ல் ஹட்சிங்ஸும் கராஜியோர்கோபுலோஸும் இங்கிலாந்துக் கரையிலிருந்தே ஒரு மாற்று மூல மாதிரியை நிறுவினார்கள். அளவுகோல் ஒன்று கிடைத்ததும், உலகெங்கும் ‘சாங்குவினியா’ என்று எழுதி வைத்திருந்த புழுக்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து போயின. பிரான்சின் ஆர்க்காஷோன் விரிகுடாப் புழு 2017-ல் மார்ஃபைசா விக்டோரி ஆனது. பிலிப்பைன்ஸ் புழு 2019-ல் மார்ஃபைசா இலோயிலோயென்சிஸ் ஆனது. சென்னைப் பகுதிப் புழுவும் 2020-ல் மார்ஃபைசா மதராசி என்ற தனிப் பெயரைப் பெற்றது. இதற்கெல்லாம் வெகுமுன்பே, 1921-ல், சதர்ன் என்பவர் ஒடிசாவின் சிலிக்கா ஏரியிலிருந்து மார்ஃபைசா கிரேவ்லியை விவரித்திருக்கிறார்.

பழவேற்காட்டுப் புழுவை முதலில் ஒப்பிட வேண்டியது மதராசியுடனும் கிரேவ்லியுடனும்தான். இங்கிலாந்துப் புழு கடைசியில் வரட்டும். அதற்காகச் சாங்குவினியாவை அழித்துவிட்டு அந்த இடத்தில் மதராசி என்று எழுதினால் பழைய தவறே புதிய பெயரில் திரும்பிவரும். மூல விவரிப்பை வரி வரியாக வைத்து, பொருந்துவது பொருந்தாதது இரண்டையும் பட்டியலிடுங்கள். எல்லாம் பொருந்தினால் பெயர். ஓரிரு பண்பு இடித்தாலோ சரிபார்க்க முடியாமற் போனாலோ ‘மார்ஃபைசா சிஎஃப். மதராசி’, அதாவது மதராசியோடு ஒப்பிட வேண்டியது என்று எழுதலாம். எதுவும் பொருந்தாவிட்டால் ‘மார்ஃபைசா இனம்’ என்று நிறுத்திக்கொள்ளுங்கள். பேரினத்தோடு நிற்கும் பதிவைப் பின்னால் யாரும் மேம்படுத்தலாம். தவறான இனப் பெயரோடு அச்சேறிய பதிவு ஐம்பது ஆண்டு மேற்கோள்களில் சுற்றிக்கொண்டிருக்கும்.

கே: மாணவர்களை முகத்துவாரத்துக்கு அழைத்துப் போகிறேன். சேற்றுத் திட்டிலேயே நின்று, கை லென்ஸால் மார்ஃபைசாவை மற்ற புழுக்களிலிருந்து பிரிக்க முடியுமா?
— உயிரியல் ஆசிரியர், பொன்னேரி

பேரினம் வரை முடியும். பத்து மடங்கு கை லென்ஸ், வெள்ளைத் தட்டு, அந்த இடத்துத் தண்ணீர் ஆகியவை போதும். தலையைத்தான் பார்க்க வேண்டும்.

மார்ஃபைசாவின் தலைமுனை நடுவே பள்ளம் விழுந்து இரு மடலாகத் தெரியும். அதன் பின்விளிம்பில் விரல் போன்ற ஐந்து நீட்சிகள் வரிசையாக நிற்கும். அடுத்து இரண்டு வெற்று வளையங்கள். அவற்றில் சீட்டாவும் இல்லை, வேறு நீட்சியும் இல்லை. அதே ஐந்து விரல்களோடு, இரண்டாம் வளையத்தின் முதுகில் ஒரு ஜோடி சிறு இழைகளும் இருந்தால் அது யூனிசி. இந்த ஒரு ஜோடி இழைதான் இரண்டுக்கும் வேறுபாடு. உடைந்து விழக்கூடியது என்பதால் தழும்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். மூன்றே விரல், உடலில் செவுள் கிடையாது என்றால் லிசிடைஸ். விரல்களின் அடியில் மோதிரம் அடுக்கியதுபோல் வளையங்கள் இருந்து, புழு சிப்பித்துண்டு ஒட்டிய குழாய்க்குள் இருந்து, செவுள் சுருள்படிக்கட்டுபோல் சுற்றியிருந்தால் டயோபாட்ரா. தலையில் எந்த நீட்சியும் இல்லாமல் கூம்பாக இருந்தால் லும்ப்ரினெரிடே. நான்கு கண்கள், தலையின் இருபுறமும் மூன்று நான்கு ஜோடி இழைகள், அழுத்தினால் இரு கொடுக்கோடு வெளியே பிதுங்கும் தொண்டை என்றால் நெரெய்டிடே குடும்பம்.

மார்ஃபைசாவின் செவுள் உடலின் முன்பகுதியில் இருக்காது. பல முட்கண்டங்கள் தள்ளித்தான் தொடங்கும். உயிரோடு இருக்கும்போது இரத்தம் ஓடுவதால் செவ்விழைகளாகப் பளிச்சென்று தெரியும். மாணவர்கள் தலையைப் பார்த்துக் குழம்பினால் செவுளைக் காட்டுங்கள். படம் எடுக்கும்போது தலையின் மேற்புறம், கீழ்ப்புறம், செவுள் தொடங்கும் இடம் மூன்றையும் அளவுகோலோடு எடுக்கச் சொல்லுங்கள். முழு உடல் படம் மட்டும் இருந்தால் பேரினம்கூடச் சொல்ல முடியாது. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் ஏற்றும்போது ‘மார்ஃபைசா’ என்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும். இனத்தைப் பிரிக்கும் பண்புகள் புகைப்படத்தில் விழுவதில்லை.

கே: நாங்க மம்பட்டியால வெட்டுறோம் ஐயா. பாதிப் புழு அறுந்துதான் வருது. ஆராய்ச்சிக்குக் கேக்குறவங்க முழுசா வேணும்கிறாங்க. எப்படி எடுக்கிறது?
— இரை எடுக்கும் தொழிலாளர், பழவேற்காடு

மம்பட்டி நேர்கீழே இறங்குவதால் வளையைக் குறுக்கே வெட்டிவிடுகிறது. நாலு பல் கவை முள்ளைத் துளையிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சாய்வாக இறக்கி, மண்ணை ஒரே கட்டியாகப் புரட்டிப் போடுங்கள். கட்டியைக் கையால் இரண்டாகப் பிளந்தால் வளை தெரியும். அதிலிருந்து புழுவை இழுத்தால் உடலை விரித்துச் சீட்டாவை மண்ணில் ஊன்றிக்கொள்ளும், அப்போதுதான் அறும். இழுக்காமல், அந்த இடத்துத் தண்ணீரை மெல்ல ஊற்றி மண்ணைக் கரைத்துக்கொண்டே வந்தால் தானாக வெளியே வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்றம் நன்றாக இறங்கும் நேரம் வசதி.

அறுந்தது வீண் என்று எறிந்துவிட வேண்டாம். தலையுள்ள முன்பாதி ஆராய்ச்சிக்குப் போதும். வால் துண்டு மட்டும் என்றால் எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. தலைகளை மட்டும்தான் எண்ண வேண்டும், இல்லாவிட்டால் ஒரு புழு இரண்டாகிவிடும். கேட்டு வருபவர்களிடம் எந்தத் திட்டில், எந்த நாளில் எடுத்தது என்று நீங்களே ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். திட்டுக்கு நீங்கள் வழங்கும் பெயரையே எழுதுங்கள். வரைபடத்தில் அந்தப் பெயர் இருக்காது, அதனால்தான் அது முக்கியம்.

கே: எத்தனாலில் நேராகப் போட்ட புழு சுருண்டு கட்டையாகிவிட்டது. ஃபார்மலினில் போட்டதில் டிஎன்ஏ வரவில்லை. எதில்தான் போடுவது?
— ஆய்வு மாணவர், காரைக்குடி

இரண்டிலும்தான். ஒரே புழுவை இரண்டாகப் பிரித்து வைக்க வேண்டும். அதற்கு முன் மயக்க வேண்டும். இந்தப் படியை விட்டதால்தான் சுருண்டது.

மயக்க மக்னீசியம் குளோரைடு ஏற்றது. ஆறு நீர்மூலக்கூறு கொண்ட படிக உப்பில் 73 கிராமை ஒரு லிட்டர் நன்னீரில் கரைத்தால், முழுக் கடல்நீரின் செறிவுக்கு ஏறக்குறைய ஈடாகும். கழிமுகப் புழுவுக்கு இது அதிகம். புழு இருந்த தண்ணீரைச் சரிபாதி கலந்துகொள்ளுங்கள். தலையைத் தூரிகையால் தொட்டால் சுருங்காத நிலை வரும்வரை காத்திருங்கள். உப்பு கிடைக்காதபோது, அதே தண்ணீரில் எத்தனாலைச் சில நிமிடத்துக்கு ஒருமுறை சொட்டுச் சொட்டாகச் சேர்த்தும் மயக்கலாம். அவசரப்பட்டால் அதுவும் சுருட்டிவிடும்.

மயங்கியதும் படம் எடுங்கள். கண்ணும் நிறமும் பிறகு மங்கிவிடும். அடுத்து, உடலின் நடுப்பகுதியில் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் நாலைந்து பாராபோடியாவை வெட்டி 96 சதவீத எத்தனாலில் போடுங்கள். குடல் சேரக் கூடாது. சேர்ந்தால் அது தின்ற உயிரின் டிஎன்ஏவும் கூடவே வரும். திசுவைப் போல் குறைந்தது பத்து மடங்கு எத்தனால் இருக்கட்டும், மறுநாள் ஒருமுறை மாற்றிவிடுங்கள். ஒரு புழுவிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது பிளேடை மாற்றுங்கள், அல்லது எத்தனாலில் துடைத்துத் தீயில் காட்டுங்கள். வாலை வெட்டிப் போடும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. செவுள் எங்கே முடிகிறது, வால்நுனி இழைகள் எத்தனை என்பதெல்லாம் அதோடு போய்விடும்.

மீதி உடலைத் தட்டில் நேராக நீட்டி வைத்து ஃபார்மலின் ஊற்றுங்கள். கடையில் வாங்கும் 37 முதல் 40 சதவீதக் கரைசலில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு கடல்நீர் சேர்த்தால் போதும். அமிலத்தன்மையைக் குறைக்கக் கொஞ்சம் போராக்ஸ் போடலாம். சிறு புழுவுக்கு ஒரு நாள், தடித்ததற்கு இரண்டு நாள் கழித்து நன்னீரில் பலமுறை அலசி, 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றிவிடுங்கள். ஃபார்மலினைக் காற்றோட்டமான இடத்தில் கையுறையோடு கையாளுங்கள். புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியானது அது. வகுப்பறை மேசையில் திறந்து வைக்கவே கூடாது.

இரண்டு குப்பியிலும் ஒரே எண் இருக்க வேண்டும். திசுவின் எண் ஒன்று, உடலின் எண் வேறொன்று என்று ஆகிவிட்டால் இரண்டும் அனாதை.

கே: செவுள் 24-ஆம் முட்கண்டத்தில் தொடங்குகிறது என்று நான் எண்ணுகிறேன், ஆய்வகத் தோழர் 26 என்கிறார். ஒரே புழுதான். தாடைப் பற்களிலும் எங்கள் எண்ணிக்கை இடம் வலம் மாறுகிறது.
— ஆய்வு மாணவி, தூத்துக்குடி

வித்தியாசம் சரியாக இரண்டு என்பதே காரணத்தைச் சொல்கிறது. தோழர், தலைக்குப் பின்னுள்ள இரண்டு வெற்று வளையங்களையும் சேர்த்து எண்ணியிருப்பார். முதல் சீட்டா தெரியும் கண்டமே ஒன்று. பத்துப் பத்தாக ஒரு மெல்லிய பூச்சி ஊசியைப் பக்கத்தில் ஊன்றிக்கொண்டே போனால் வழி தவறாது. செவுளின் முதல் இழை சிறு புடைப்பாகத்தான் இருக்கும். நீர்ப்பரப்புக்கு அடியில் வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். புழுவின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஓரிரு கண்டம் முன்பின்னாகத் தொடங்குவதும் உண்டு, இரண்டையும் எழுதுங்கள்.

தாடைக்கு வருவோம். பலர் வயிற்றுப்புறத்தில் கீறித் திறக்கிறார்கள். அப்படிப் பார்க்கும்போது புழு மல்லாந்து கிடக்கிறது, இடம் வலமாகிவிடுகிறது. சரிபார்க்க இயற்கையே ஓர் அடையாளம் வைத்திருக்கிறது. மேல்தாடையின் மூன்றாம் தகடு புழுவின் இடப்பக்கத்தில் மட்டும்தான் உண்டு. ஒவ்வொரு தகட்டிலும் இடப்பக்கம், வலப்பக்கம் எத்தனை பல் என்று காட்டும் தாடைச் சூத்திரத்தை எடுத்துக்காட்டாக 1+1, 4+4, 5+0, 4+8, 1+1 என்று எழுதுகிறோமே, அந்த ‘+0’ அதுதான். உங்கள் சூத்திரத்தில் ‘0+5’ வந்தால் புழுவைத் தலைகீழாகப் படித்திருக்கிறீர்கள். பற்கள் தேய்ந்தும் உடைந்தும் போகும், ஆகவே ஒரே புழுவை நம்பிச் சூத்திரம் எழுதாதீர்கள்.

இனத்தைப் பிரிப்பதில் சீட்டாக்களின் பங்கு பெரிது. மூன்றாம், பத்தாம், முப்பதாம் முட்கண்டம், உடல்நடு, வாலுக்கு அருகே என்று ஐந்து இடங்களில் பாராபோடியாவை அடியோடு வெட்டி, கிளிசரினில் வைத்து, 400 மடங்கில் பாருங்கள். முதலில் மூட்டுள்ள சீட்டா இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் நுனி அலகு ஊசிபோல் நீள்கிறதா, கொக்கிபோல் வளைகிறதா? ஊசி மட்டும், கொக்கி மட்டும், இரண்டும், எதுவுமில்லை என்ற நான்கில் உங்கள் புழு எதில் சேர்கிறது என்பதே பாதித் தேடலைக் குறைத்துவிடும். சாங்குவினியா கூட்டம் ஊசி மட்டும் உள்ளது. அடுத்தது, நுனி சீப்புபோல் பற்களாகப் பிரியும் சீப்புச் சீட்டா. அகலமா குறுகலா, பற்கள் எத்தனை, இரு ஓரப் பற்களும் ஒரே நீளமா என்பதைக் குறியுங்கள். உடலின் முன்னும் பின்னும் சீப்பின் வடிவம் மாறும் என்பதால்தான் ஐந்து இடம். ஒளி நுண்ணோக்கியில் சீப்பு விளிம்போரமாக நின்றால் வெறும் கோடாகத் தெரியும். மேல்கண்ணாடியை ஊசியால் லேசாகத் தட்டிப் புரளவிடுங்கள். ஐயம் தீராவிட்டால் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குப் போக வேண்டியதுதான். பின்கண்டங்களில், பாராபோடியாவை உள்ளிருந்து தாங்கும் தாங்குமுள்ளுக்குக் கீழே வரும் தடித்த கொக்கி எந்தக் கண்டத்தில் தொடங்குகிறது, அதன் நுனி ஒற்றையா இரட்டையா, நிறமென்ன என்பதும் வேண்டும்.

இன்னொன்று, இது மிகப் பலரை வழுக்கிவிடுகிறது. செவுள் தொடங்கும் இடமும் இழைகளின் எண்ணிக்கையும் புழு வளர வளர மாறும். சிறு புழுவில் இரண்டு இழை, பெரியதில் ஆறு இழை என்று கண்டு ‘இரண்டு இனம்’ என்று எழுதிவிடக் கூடாது. சிறிதும் பெரிதுமாகப் பத்துப் புழுவாவது பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்தாம் முட்கண்டம் வரையிலான நீளத்தையும், அந்தக் கண்டத்தில் பாராபோடியா சேராத அகலத்தையும் அளந்து, பக்கத்திலேயே எழுதுங்கள். அறுந்த புழுவிலும் இந்த இரண்டு அளவும் கிடைக்கும்.

கே: டிஎன்ஏ பார்த்துவிட்டால் இத்தனை முள் எண்ணும் வேலை எதற்கு?
— உயிர்த்தொழில்நுட்ப மாணவர், கோயம்புத்தூர்

இனத்தை அறியப் படிக்கும் டிஎன்ஏ துண்டான சிஓ1 பார்கோடு வழக்கமாகச் சுமார் 658 எழுத்து நீளம். அந்தத் துண்டைப் படியெடுக்கப் பொதுவாகப் பயன்படும் ஃபோல்மர் பிரைமர்கள் பாலிகீட்களில் பல நேரம் பிடிக்காது. இவற்றுக்கென்றே மாற்றியமைத்த பாலிஎல்சிஓ, பாலிஎச்சிஓ ஜோடி கைகொடுக்கும். வரிசை கிடைத்து ஜென்பேங்க் என்ற பொது டிஎன்ஏ தரவுத்தளத்தில் தேடினால் முதல் வரியில் ஒரு பெயர் வரும். அது உங்கள் புழுவுக்கு மிக அருகில் இருப்பதன் பெயர், அவ்வளவுதான். ஒற்றுமை 85 சதவீதம் என்றால் அது வேறு இனம். 99 சதவீதம் என்றாலும் அந்த வரிசையை ஏற்றியவர் புழுவை எப்படிப் பெயரிட்டார், மாதிரி எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆசியக் கரைகளிலிருந்து ‘சாங்குவினியா’ என்று ஏற்றிய வரிசைகள் இங்கிலாந்துப் புழுவுடையவை அல்ல. முள்ளும் தாடையும் பார்த்துப் பெயரிட்ட, மாதிரி கைவசமிருக்கிற புழுவின் வரிசைக்கே மதிப்பு.

கே: ஏரியில் எடுத்த புழுவின் புள்ளி வரைபடத்தில் எண்ணூர்த் துறைமுகத்தருகே விழுகிறது. ஜிபிஎஸ் கருவி பழுதா?
— களப்பணியாளர், திருவள்ளூர்

கருவி நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் எழுதியனுப்பிய களக்குறிப்பில் 13°25.5′ என்றும், அட்டவணையில் 13.255 என்றும் இருக்கிறது. பாகைக்கு 60 கலை. 25.5-ஐ 60-ஆல் வகுத்தால் 0.425, எனவே 13.425 என்று வர வேண்டும். விட்ட வித்தியாசம் 0.17 பாகை, தரையில் ஏறக்குறைய 19 கிலோமீட்டர். பழவேற்காட்டுப் புழு எண்ணூருக்குப் போனது அப்படித்தான். கருவியை முதலிலேயே தசம பாகைக்கும் டபிள்யூஜிஎஸ் 84 என்ற ஆள்கூற்று முறைக்கும் மாற்றிவிடுங்கள். கையால் மாற்றும் வேலையே வேண்டாம்.

நான்கு தசம இடம் சுமார் 11 மீட்டர் துல்லியம், அது போதும். கைப்பேசி காட்டும் எட்டு இடத்தையும் எழுதினால் துல்லியம் கூடிவிடாது. மாறாக, எவ்வளவு தூரம் பிழை இருக்கலாம் என்பதை மீட்டரில் தனிக் கட்டத்தில் எழுதுங்கள். ஒரே திட்டில் 50 மீட்டருக்குள் நடந்து சேர்த்தால் பிழை 50 மீட்டர். ‘பழவேற்காடு ஏரி’ என்று மட்டுமே உள்ள பழைய புட்டிச் சீட்டென்றால், ஏரி முழுவதையும் அடைக்கும் வட்டத்தின் ஆரமே பிழை. அதன் நடுவில் ஒரு புள்ளியை வைத்துத் துல்லியமாக நடிக்கக் கூடாது.

தேதியை 2024-04-03 என்ற வரிசையில் எழுதுங்கள். 03/04 என்றால் ஏப்ரலா மார்ச்சா என்று வெளிநாட்டு வாசகர் திணறுவார். மழைக்காலத்தில் உவர்ப்பு விழுந்துவிடும் ஏரியில் மாதம் மாறினால் பொருளே மாறிவிடும். தண்ணீர், மண்ணிடை நீர் இரண்டின் உவர்ப்பையும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். மழைக்குப் பின் மேல்நீர் கிட்டத்தட்ட நன்னீராகியும் ஒரு சாண் கீழே உப்பு தங்கியிருக்கும், புழு வாழ்வது அங்கேதான். உவர்ப்பு காட்டும் கருவியைக் காய்ச்சி வடித்த நீரில் சுழியத்துக்கு வைத்த பிறகே அளக்கத் தொடங்குங்கள்.

அட்டவணையின் தலைப்புகளை ஆரம்பத்திலேயே உயிரினப் பதிவுகளுக்கான பொதுத் தரமான டார்வின் கோர் முறைப்படி அமைத்துக்கொண்டால், பின்னால் ஓபிஸ், ஜிபிஃப் என்ற உலகப் பல்லுயிர்த் தரவுத்தளங்களுக்குக் கொடுக்கும்போது எதையும் திருத்த வேண்டியிருக்காது. இனப் பெயரின் எழுத்துக்கூட்டலை கடல் உயிரினப் பெயர்களின் உலகப் பட்டியலான வோர்ம்ஸில் சரிபார்த்து, அதன் அடையாள எண்ணையும் சேருங்கள். ‘சிஎஃப்.’ என்பதைப் பெயருக்குள் நுழைக்காமல் அதற்கான தனிக் கட்டத்தில் எழுதுங்கள். பெயருக்குள் இருந்தால் கணினி அதைத் தள்ளிவிட்டு உறுதியான மதராசியாக எண்ணிவிடும்.

கே: தோண்டியும் கிடைக்காத இடத்தைப் பதிய வேண்டுமா?
— கல்லூரி விரிவுரையாளர், நாகப்பட்டினம்

கட்டாயம். எப்படித் தேடினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அதற்குப் பொருள். 25×25 செ.மீ. சட்டத்தை ஒரு திட்டில் பத்து இடத்தில் வைத்து, 30 செ.மீ. ஆழம் தோண்டி, 1 மி.மீ. சல்லடையில் அலசி ஒன்றும் இல்லை என்றால் அது ‘இல்லை’ என்ற பதிவு. கரையோரம் நடந்து ‘ஒன்றும் தெரியவில்லை’ என்பது பதிவல்ல. 10 செ.மீ. மட்டும் தோண்டியிருந்தால் புழு கீழே இறங்கியிருக்கலாம். குஞ்சுப் புழுவும் வேண்டுமென்றால் 0.5 மி.மீ. சல்லடைக்கு மாறுங்கள். படகிலிருந்து, அடிமண்ணைக் கவ்வி எடுக்கும் வான் வீன் அள்ளியைப் போடுகிறவர்கள், அது ஆழமாகத் தோண்டாது என்பதை மறந்துவிடுகிறார்கள். வளைக்குள் இருக்கும் பெரிய மார்ஃபைசா அதில் சிக்காமல் போவதைப் பார்த்து ‘இல்லை’ என்று எழுதுவது பெரும் பிழை.

வரைபடத்தில் புள்ளிகளைப் புள்ளிகளாகவே விடுங்கள். இரண்டு புள்ளிக்கு நடுவே வண்ணம் தீட்டி ‘பரவல்’ என்று போடும் பழக்கத்தை எங்களால் ஏற்க முடியவில்லை. பழவேற்காட்டுக்கும் முட்டுக்காட்டுக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் அலையடிக்கும் மணற்கரை. கழிமுகச் சேற்றுப் புழுவுக்கு அது வீடல்ல.

கே: பொரிப்பகத்துக்கு வியாபாரி கொண்டுவரும் புழுவை வைத்துப் பரவலைப் பதியலாமா? மிஞ்சிய புழுவை அருகிலுள்ள உப்பங்கழியில் விட்டுவிடுகிறோம்.
— இறால் பொரிப்பகப் பணியாளர், மரக்காணம்

விடுவதை இன்றோடு நிறுத்துங்கள். வட தமிழகக் கரையில் எட்டு இடங்களிலும் புழு வியாபாரிகளிடமும் மார்ஃபைசா புழுக்களை எடுத்துச் சோதித்த ஆய்வு ஒன்று 2005-ல் வெளியானது. வியாபாரிகளிடம் வாங்கியவற்றில் பாதிப் புழுக்களில் வெண்புள்ளி நோய் வைரஸ் இருந்தது. வைரஸுக்கு உட்படுத்திய புழுக்களைத் தின்ற தாய் இறால்களுக்கும் நோய் தொற்றியது. புழுவுக்கு ஒன்றும் ஆகாது, வைரஸைச் சுமந்துகொண்டு மட்டும் இருக்கும். பார்த்தால் தெரியாது என்பதுதான் ஆபத்து. மிஞ்சியதை உறையவைத்தோ வேகவைத்தோ அப்புறப்படுத்துங்கள். உறைந்ததைத் திரும்ப இறாலுக்குப் போடாதீர்கள். உறைநிலையில் இந்த வைரஸ் அழிவதில்லை.

பரவலுக்கும் இது கேடு. ஒரு கழிமுகத்துப் புழு இன்னொரு கழிமுகத்தில் பிழைத்துப் பெருகினால், இயற்கையாக எங்கே இருந்தது என்பதை அதன் பிறகு யாராலும் சொல்ல முடியாது. வியாபாரியின் வாளியிலிருந்து எடுத்த புழு தாடை பார்க்கவும் மாணவர்களுக்குக் காட்டவும் உதவும். அதன் இடத்தை ‘மரக்காணம்’ என்று எழுதாதீர்கள். ‘வியாபாரியிடம் வாங்கியது, மூல இடம் தெரியாது’ என்று எழுதி, அட்சரேகை தீர்க்கரேகைக் கட்டங்களைக் காலியாக விடுங்கள்.

கே: மண்டபம் அருகே பாறைத் துண்டைப் புரட்டியபோது ஒரு புழுவின் வெள்ளை முள் விரலில் ஏறி எரிகிறது. எந்தப் புழு, என்ன செய்ய?
— வாசகர், இராமநாதபுரம்

யூரிதோ பேரினத்து நெருப்புப் புழுவாக இருக்கும். சீட்டா சுண்ணாம்பாலானது, கண்ணாடித்தூள்போல் ஒடிந்து தோலில் நிற்கும். தேய்க்காதீர்கள். ஒட்டும் டேப்பை வைத்து அழுத்தி உரித்தெடுங்கள், திரும்பத் திரும்பச் செய்யுங்கள். வீக்கம் பரவினாலோ கண்ணில் பட்டாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள். ‘யூரிதோ கம்ப்ளனேட்டா’ என்று பெயர் எழுத வேண்டாம். அதுவும் சாங்குவினியா கதைதான். கரீபியப் புழுவின் பெயர், உலகெங்கும் ஒட்டப்பட்டது. அட்லாண்டிக்கிலேயே அது ஒன்றுக்கு மேற்பட்ட இனம் என்று மரபணு ஆய்வில் தெரியவந்துவிட்டது.

கே: மாதிரிகளை எங்கே வைப்பது? அனுமதி ஏதும் வேண்டுமா?
— ஆய்வு மாணவர், சென்னை

எடுப்பதற்கு முன் அனுமதி. பழவேற்காட்டில் பறவைகள் சரணாலய எல்லைக்குள்ளும், மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றியும் வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு புழுவையும் எடுக்கக் கூடாது. வெளிநாட்டு நிபுணருக்கு மாதிரி அனுப்புவதென்றால் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிமுறைகளை முதலில் பாருங்கள். புதிய இனம் என்று விவரித்தால், 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின் 39-ஆம் பிரிவுப்படி அரசு குறித்த களஞ்சியத்தில் மாதிரியை ஒப்படைக்க வேண்டும். விலங்குகளுக்கான அத்தகைய களஞ்சியங்களில் ஒன்று இந்திய விலங்கியல் அளவைத் துறை. சென்னையில் அதன் கடல் உயிரியல் மண்டல மையம் இருக்கிறது. புதிய இனமில்லாத சாதாரணப் பதிவுக்கும் இரண்டு மூன்று மாதிரிகளை அங்கே கொடுத்துப் பதிவெண் வாங்கிக் கட்டுரையில் போடுங்கள். துறை அலமாரியில் வைத்தவை, பொறுப்பாளர் ஓய்வு பெற்றதும் குப்பைக்குப் போகின்றன.

சீட்டு புட்டிக்கு உள்ளேதான் இருக்க வேண்டும். வெளியே ஒட்டியது உரிந்துவிடும், மூடியில் எழுதியது மூடி மாறினால் போச்சு. தடித்த தாளில் பென்சிலால் எழுதுங்கள்; பந்துமுனைப் பேனா எத்தனாலில் கரைந்து ஓடும். எண், இடம், தசம பாகை, பிழை மீட்டர், தேதி, ஆழம், எடுத்தவர், பெயரிட்டவர், பெயரிட்ட ஆண்டு ஆகியவை அதில் இருக்கட்டும். பின்னால் ஒருவர் பெயரை மாற்றினால் பழைய சீட்டை எடுக்காமல், புதிய சீட்டையும் கூடவே போட வேண்டும். நம் ஊர் வெயிலில் எத்தனால் சீக்கிரம் ஆவியாகும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மட்டத்தைப் பார்த்து 70 சதவீதக் கரைசலை ஊற்றி நிரப்புங்கள்.